இரண்டு கால் அங்குட்டு, இரண்டு கால் இங்குட்டு

நான் கதவு செய்திருக்கிறேன், ஜன்னல் செய்திருக்கிறேன், கட்டில், தொட்டில், ஊஞ்சல் பலகை என்று எவ்வளவோ செய்திருக்கிறேன். எதைப் பற்றியும் யாரும் என்னைக் கூப்பிட்டு விசாரித்ததில்லை. ஆயுளில் ஒரே ஒரு காவல் கோபுரம் கட்டினேன். அதற்கு நான்கு நாட்டு அதிகாரிகள் என்னை மணலில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். நானும் பதில் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

எங்களுடையது காரைக்குடியை அடுத்த ஒரு கிராமத்தில் தச்சு வேலை பார்த்த குடும்பம். அப்பாவும் சித்தப்பாவும் பெரிய வீடுகளில் தேக்குத் தூண் இழைத்தவர்கள். நான் தலையெடுத்தபோது புது வீடு கட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கூலிக்கு மூன்று பேர் போட்டி. சிவகங்கையில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறினேன். மார்பளவு எடுத்தவர் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இவன் இன்ஜினியர் கம்பெனிக்கு ஆவான் என்று எழுதிக்கொண்டார். துப்பாக்கியும் கொடுத்தார்கள்தான். ஆனால் பதினைந்து வருஷ சர்வீஸில் நான் அதிகம் தூக்கியது ரம்பத்தையும் சுத்தியலையும்தான்.

அறுபதுகளின் நடுவில் எங்கள் கம்பெனியைக் கப்பலேற்றி ஒரு பாலைவனத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டு நாடுகள் அடித்துக்கொண்டு ஓய்ந்திருந்தன. மறுபடி அடித்துக்கொள்ளாமல் இருக்க, நடுவில் பல நாட்டுச் சிப்பாய்கள் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். சுடக்கூடாது. பார்த்ததை எழுதி மேலே அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. அடுத்தவன் சண்டையை நிறுத்தப் போன நாங்கள் எங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. கூடவே கோபமும் வருகிறது.

எந்தெந்த நாடு என்று பெயர் சொல்லப்போவதில்லை. அவர்கள் பிள்ளைகுட்டிகளோடு எங்கேயாவது நன்றாக இருப்பார்கள். எனக்கு எதற்கு வம்பு. அன்றைக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயரையே சொல்கிறேன். ஒரு கூட்டத்தார் பனி நாட்டுக்காரர்கள். வெயிலைக் கண்டால் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுப்பார்கள், மறுநாள் முதுகில் தோல் உரிந்து கிடக்கும். இன்னொரு கூட்டத்தார் காப்பி நாட்டுக்காரர்கள். பந்து ஒன்று கிடைத்தால் போதும், பூட்ஸைக் கழற்றி வீசிவிட்டு இறங்கிவிடுவார்கள். எல்லைக் கோட்டில் இத்தனை மைல் இவர்களுக்கு, இத்தனை மைல் அவர்களுக்கு என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். எங்கள் கம்பெனிக்கு எல்லையில் ஒரு முழம்கூடக் கிடையாது. ரோடு போடுவது, கிணற்றுக்கு உறை இறக்குவது, குடிசைக்குக் கூரை மாட்டுவது எல்லாம் எங்கள் தலையில். எல்லோருக்கும் பொதுவான வேலைக்காரர்கள் நாங்கள்.

அந்தக் கம்பெனியில் எனக்கு ஓர் ஊர்க்காரன் இருந்தான். ஒக்கூர்ப் பக்கம். விவசாயக் குடும்பம். நாயக் பதவியில், டெலிபோன் வேலை பார்த்தான். என்னை 'ஆசாரி' என்றுதான் கூப்பிடுவான், நான் ஹவில்தார் ஆன பிறகும். மற்றவர்கள் முன்னால் மரியாதையாகக் கூப்பிடுடா என்று நான் திட்டுவேன். 'சரி ஆசாரி' என்பான். எட்டுப் பத்து பாஷைக்காரர்கள் நடுவில் 'இங்குட்டு வா' என்று சொல்ல ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய சொத்து என்று அங்கே இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

அவனுக்கு அப்பனும் ஆத்தாளும் இல்லை. ஒரே தங்கை. பட்டாளத்துச் சம்பளத்தில் அவன்தான் அவளை இளையாத்தங்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தான். மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் பெரிய கை. பெண்ணுக்குப் பிறந்த வீடு இல்லை என்று ஆரம்பத்திலிருந்தே ஒரு இளக்காரம். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாசி சிவராத்திரியன்று அவர்கள் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவது என்று முடிவாகி, கடிதம் வந்தது. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அந்த மடி இருந்தால்தான் அவள் பிறந்த வீட்டுக்கு ஒரு முகம். "அண்ணே, நீ வந்து உக்காந்தாப் போதும், சீர் ஒண்ணும் வேணாம்" என்று எழுதியிருந்தாள். அவன் அதை என்னிடம் நான்கைந்து தடவை படித்துக் காட்டினான். கடைசியில் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

இனிமேல் கோபுரத்துக்கு வருகிறேன். பனி நாட்டார் எல்லையும் காப்பி நாட்டார் எல்லையும் சேருகிற இடத்தில் ஒரு மணல் மேடு. அதன் மேல் நின்றால் இரண்டு பக்கமும் வெகுதூரம் தெரியும். அங்கே ஒரு கோபுரம் வேண்டும் என்று தலைமை உத்தரவு போட்டது. கட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. பனி நாட்டிலிருந்து கப்பலில் வந்த பைன் மரம். தேக்கு இழைத்துப் பழகின எனக்கு அது சப்பென்றுதான் இருந்தது, ஆனால் வாசம் மட்டும் இன்னும் மூக்கில் இருக்கிறது. பன்னிரண்டு நாளில் நாலு கால் நாட்டி, குறுக்குச் சட்டம் அடித்து, ஏணி வைத்து, மேலே கூரை போட்டேன். ஆறு பேர் ஒன்றாக ஏறினாலும் ஆடாது. எனக்குப் பெருமைதான்.

கட்டி முடித்த அன்றே ரகளை ஆரம்பித்தது. கோபுரத்தில் யார் நிற்பது? பனி நாட்டார், அது காப்பி நாட்டார் எல்லையில் இருக்கிறது, அவர்கள்தான் ஆள் போட வேண்டும் என்றார்கள். காப்பி நாட்டார் அதையே திருப்பிச் சொன்னார்கள். சரி, கோபுரத்தில் நிற்கிறவன் யாருடைய உத்தரவுக்குக் கட்டுப்படுவது? அதற்கு மட்டும் இரண்டு பேரும் எங்களுக்குத்தான் என்றார்கள். ஆள் அவன் போடட்டும், அதிகாரம் எனக்கு. ஆளுக்கு ஆள் நாட்டாமை. கோபுரத்திலிருந்து இரண்டு டெலிபோன் கம்பி இழுத்தார்கள், ஒன்று அந்தப் பக்கம், ஒன்று இந்தப் பக்கம். எதையாவது பார்த்தால் யாருக்கு முதலில் மணி அடிப்பது என்று ஒரு வாரம் கடிதப் போக்குவரத்து நடந்தது.

அவர்கள் தீர்மானிக்கிற வரை ஒரு பத்து நாள் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் கம்பெனிக்கு உத்தரவு வந்தது. எட்டு ஆள் கொண்ட ஒரு செக்‌ஷனைப் போட்டார்கள். டெலிபோன் தெரிந்தவன் என்பதால் என் ஊர்க்காரன்தான் அதற்குத் தலைவன். பத்து நாள் மூன்று மாதம் ஆயிற்று. தண்ணீர் லாரி பனி நாட்டாரின் கடைசிச் சாவடி வரை வந்து திரும்பிவிடும். இன்னொரு லாரி காப்பி நாட்டாரின் கடைசிச் சாவடி வரை வந்து திரும்பிவிடும். கோபுரத்துக்கு வராது. நடுவில் இருந்த இருநூறு கஜத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவது யார் பொறுப்பு என்று எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. எங்கள் ஆட்கள் தகர டின்னைத் தோளில் வைத்துக்கொண்டு மணலில் நடந்தார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சண்டை எல்லாம் தோளில் நட்சத்திரம் வைத்தவர்களுக்குத்தான். கீழே இருந்த எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை. பனி நாட்டுச் சார்ஜென்ட் ஒருவன் ஆறடிக்கு மேல் இருப்பான், வாரத்தில் இரண்டு தடவை வந்து நான் ஆணி அடிப்பதை உட்கார்ந்து பார்ப்பான். அவன் அப்பாவும் தச்சராம். பேச்சு ஒன்றும் கிடையாது. ஒரு பலகையை எடுத்து வரி எப்படி ஓடுகிறது என்று விரலால் காட்டுவான், நான் தலையை ஆட்டுவேன். காப்பி நாட்டுக்காரர்கள் எங்கள் ரசத்துக்கு அடிமை. டம்ளர் டம்ளராக வாங்கிக் குடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீரோடு இன்னும் கேட்பார்கள். பதிலுக்குக் காப்பிக்கொட்டை மூட்டையில் வரும். அந்தக் காப்பியின் ருசியை இன்றுவரை காரைக்குடியில் எந்தக் கடையிலும் நான் காணவில்லை. சாயங்காலம் மேட்டுக்கடியில் பந்தாட்டம் நடக்கும். மூன்று நாட்டுக்காரர்களும் கலந்துதான் அணி பிரிப்போம். நடுவர் கிடையாது, ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. என் வயதில் அதைவிடச் சந்தோஷமான சாயங்காலங்கள் வேறு இல்லை. இப்போதும் ஏதாவது ஒரு பலகையை ரம்பத்தால் அறுக்கும்போது அந்த மேடும் அந்தச் சிரிப்பும் நினைவுக்கு வந்து வேலை நின்றுபோகிறது.

தை மாதக் கடைசியில் ஒரு வழி பிறந்தது. ஒரு வாரம் அவர்கள் ஆள், ஒரு வாரம் இவர்கள் ஆள் என்று முறை வைத்துக்கொள்ள இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒப்புக்கொண்டார்கள். யார் முதல் வாரம் என்பதுதான் பாக்கி. எங்கள் மேஜர் வடக்கத்தியார், தங்கமான மனிதர். என் ஊர்க்காரனின் லீவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு, கோபுரத்தை ஒப்படைத்த மறுநாள் நீ போகலாம் என்று சொல்லிவிட்டார். மாதத்துக்கு ஒரு தடவைதான் லீவு விமானம். அது கிளம்ப ஐந்து நாள் இருந்தது. அதில் ஏறினால் சிவராத்திரிக்கு முந்தின நாள் ஊரில் இருப்பான். அவன் தன் பெட்டியைக் கட்டியே வைத்துவிட்டான். குழந்தைக்கு ஒரு சிவப்புக் கம்பளிச் சட்டை வாங்கியிருந்தான். மாசி மாத வெயிலில் கம்பளி எதற்கடா என்று கேட்டேன். மாமன் கடல் தாண்டிக் கொண்டாந்தது என்று ஊர் பார்க்க வேண்டுமாம்.

யார் முதல் வாரம் என்று பேசி முடிக்க அதிகாரிகள் கோபுரத்தடிக்கே வந்தார்கள். பனி நாட்டுக் கர்னல், காப்பி நாட்டுக் கர்னல், தலைமையிலிருந்து நடுவில் நிற்க வந்த வேறொரு நாட்டு அதிகாரி, எங்கள் மேஜர். காலை பத்து மணி இருக்கும். மேலே என் ஊர்க்காரன் காவலில் நின்றுகொண்டிருந்தான். முதல் வாரத்தை எடுத்தால் கோபுரம் தன் எல்லையில் இருப்பதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று இரண்டு பேருக்கும் பயம். மறுபடி பழைய கதைக்கே போனார்கள். கோபுரம் யார் எல்லையில் இருக்கிறது? கட்டினவனைக் கூப்பிடு என்றார்கள்.

நான் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். எல்லைக் கல்லிலிருந்து கயிறு பிடித்து அளந்தேன். இரண்டு கால் அங்குட்டு, இரண்டு கால் இங்குட்டு. கயிறு ஏணிக்கு நடுவில் ஓடியது. சத்தியமாக நான் வேண்டுமென்று செய்யவில்லை. மேட்டில் மணல் கெட்டியாக இருந்த இடத்தில் நாட்டினேன். மேஜர் அதை இங்கிலீஷில் சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த முகத்தோடேயே மேஜர் என் பக்கம் திரும்பி இந்தியில் கேட்டார், உங்கள் ஊரில் இப்படி ஒரு தகராறு வந்தால் எப்படித் தீர்ப்பீர்கள் என்று.

சும்மா கேட்ட கேள்விதான். எனக்கும் தெரியவில்லை சார் என்று சொல்லியிருந்தால் இன்னும் அரை மணி நேரம் கத்திவிட்டு யாராவது ஒருவர் முதல் வாரத்தை எடுத்திருப்பார். ஆனால் நான்கு நாட்டு அதிகாரிகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு நான் நடுவில் நிற்கிறேன். தலைகால் புரியவில்லை.

எங்கள் ஊரில் கண்மாய்த் தண்ணீரை இப்படித்தான் வைத்திருந்தார்கள். மேல வயல்காரன் எனக்கு முதலில் என்பான், கீழ வயல்காரன் எனக்கு முதலில் என்பான். அதனால் மடையைத் திறக்கிற, அடைக்கிற உரிமை நிலம் வைத்திருக்கிற எவனுக்கும் கிடையாது. அந்தக் கண்மாய்த் தண்ணீர் பாய்கிற நிலத்தில் ஒரு சென்ட் பூமிகூட இல்லாத ஒருவர்தான் நீர்பாய்ச்சி. மடைக் கட்டை அவர் கையில். பெரிய பண்ணைக்காரனும் அவர் சொல்லுக்குக் கட்டுப்படத்தான் வேண்டும். அந்தக் கட்டையைச் செதுக்கிக் கொடுப்பது எங்கள் வீட்டு வேலை என்பதால் எனக்கு இதெல்லாம் அத்துப்படி. இதைத்தான் நான் மேஜரிடம் சொன்னேன். நிலம் இல்லாதவன் கையில் மடையைக் கொடுத்தால் தகராறு இல்லை, சார்.

மேஜர் மொழிபெயர்த்தார். இரண்டு கர்னல்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இந்த எல்லையில் நிலம் இல்லாதவர்கள் யார்? நாங்கள். எங்கள் கம்பெனிக்குத்தானே ஒரு முழம்கூட எல்லை இல்லை. தலைமையிலிருந்து வந்தவர் அப்போதே நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். கோபுரம் இனி நிரந்தரமாக இந்தியக் கம்பெனியின் பொறுப்பு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் தகவல் சொல்ல வேண்டும். மூன்று மாதமாகத் தீராதது ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. தீராதா பின்னே? இரண்டு பேரும் ஓர் ஆளைக்கூடக் கொடுக்க வேண்டாம், இரண்டு பேருடைய அதிகாரத்துக்கும் குறைவில்லை. பனி நாட்டுக் கர்னல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். காப்பி நாட்டுக் கர்னல் தோளில் தட்டினார். மேஜரின் முகம் மட்டும் சுருங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் இன்னொருவனைக் கெடுத்தேன்.

புது ஏற்பாடு சரியாக ஓடுகிறதா என்று தெரிகிற வரை, இரண்டு மாதத்துக்குக் கோபுரத்து ஆட்கள் யாரையும் மாற்றக்கூடாது என்று மறுநாள் உத்தரவு வந்தது. மேஜர் எழுதிப் பார்த்தார், நடக்கவில்லை. உத்தரவு உத்தரவுதான் என்று என் ஊர்க்காரன் பெட்டியை அவிழ்த்துச் சாமான்களைத் திரும்ப அடுக்கினான். அன்று சாயங்காலம் அவன் என்னிடம், "என்ன ஆசாரி, வெள்ளைக்காரன் எல்லாம் கை குடுத்தான்?" என்று கேட்டான். கோபுரம் நன்றாக இருக்கிறதாம் என்று சொன்னேன். "இருக்காதா பின்னே" என்றான் அவன். எனக்காகச் சந்தோஷப்பட்டான்.

அவன் தங்கைக்கு எழுதிய கடிதத்தைத் தபாலில் சேர்த்தவன் நான்தான். வர முடியவில்லை, வேறு யார் மடியிலாவது வைத்துக் குத்திவிடுங்கள் என்று இரண்டே வரி. சிவராத்திரியன்று முற்பகலில் தண்ணீர் டின்னைத் தூக்கிக்கொண்டு கோபுரத்துக்குப் போனேன். அவன் மேலே பைனாகுலரைப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்போது நம்ம ஊரில் மணி என்ன இருக்கும் என்று கேட்டான். கூட்டிச் சொன்னேன். "இந்நேரம் குத்தியிருப்பாக" என்று சொல்லிவிட்டு மறுபடி மணலைப் பார்க்க ஆரம்பித்தான். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். டின்னை இறக்கி வைத்துவிட்டு ஏணியில் இறங்கிவிட்டேன்.

நாங்கள் திரும்பி வந்த ஒன்றிரண்டு வருஷத்தில் அங்கே மறுபடி போர் மூண்டது. அதற்கு முன்னாலேயே நீலத் தொப்பிக்காரர்களைக் கிளப்பி அனுப்பிவிட்டார்கள் என்று பேப்பரில் படித்தேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. கோபுரம் போனதற்காக இல்லை. அந்தச் சார்ஜென்டும், ரசம் குடித்தவர்களும் இனி எந்தக் காலத்திலும் ஒரு மேட்டில் கூடப்போவதில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் சர்வீஸ் முடித்துக் காரைக்குடியில் ஒரு சின்னப் பட்டறை போட்டேன். என் ஊர்க்காரன் எனக்கு முன்பே வந்து ஊரில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தான். திங்கட்கிழமைச் சந்தைக்கு வந்தால் பட்டறையில் வந்து உட்காருவான். பழைய கதை பேசுவோம். பந்தாட்டத்தில் யார் எப்படி விழுந்தான் என்று பேசிச் சிரிப்போம். ஆனால் தைமாதம் முழுக்க அவன் முகம் செத்துப்போயிருக்கும். ஒவ்வொரு பொங்கலுக்கும் தங்கைக்குச் சீர் கொடுத்துவிடுவான், கரும்பு, வெல்லம், பச்சரிசி, சேலை எல்லாம். கொண்டுபோன ஆளிடமே அவள் திருப்பி அனுப்பிவிடுவாள். காது குத்து அன்று மாப்பிள்ளையின் பங்காளி வீட்டு மச்சினன் ஒருவன் மடியில் வைத்துக் குத்தினார்களாம். மடி இரவல் வாங்கினவள் என்று அவளைப் பேசினார்களாம். எட்டுப் பொங்கல் இப்படிப் போயிற்று.

எட்டாவது பொங்கல் முடிந்த வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. பட்டறையைப் பூட்டிவிட்டு இளையாத்தங்குடி பஸ்ஸில் ஏறினேன். அண்ணன் மேல் தப்பில்லை, தப்பு என் மேல்தான் என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும் என்று நினைப்பு. பாதி வழியில் இறங்கிவிடலாமா என்றும் ஒரு நினைப்பு வந்தது, மறைப்பானேன்.

அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அண்ணனின் பட்டாளத்துப் படத்தில் பக்கத்தில் நிற்கிறவர் என்று சொல்லி, உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். அந்தப் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. காதில் சின்னத் தோடு. நான் அங்கே பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கோபுரம், இரண்டு கர்னல்கள், மேஜரின் கேள்வி, நீர்பாய்ச்சிக் கதை, கை குலுக்கல், அன்று சாயங்காலம் நான் சொன்ன பொய் எல்லாம். முடித்ததும் அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் கதையைத்தான் திருத்தினாள்.

"நீர்பாய்ச்சி கதையைப் பாதிதான சொல்லியிருக்கீக, ஆசாரியண்ணே."

அவள் வீட்டுக்காரர் அந்த ஊர்க் கண்மாய் நிர்வாகத்தில் ஒருவர். அதனால் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. கண்மாய் நிறைந்ததும் மடைக் கட்டையை நேரே கொண்டுபோய் நீர்பாய்ச்சி கையில் யாரும் திணிக்க முடியாது. ஊர் கூடி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, இந்த வருஷம் உங்களால் பார்க்க முடியுமா, வீட்டில் நல்லது கெட்டது ஏதாவது இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அவர் சரி என்று வெற்றிலையை எடுத்த பிறகுதான் கட்டை. ஒரு வருஷம் அவசரத்தில் கேட்காமல் கட்டையை மட்டும் கொடுத்தனுப்பினார்களாம். அவர் அதை அப்படியே கரையில் வைத்துவிட்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று நாள் மடை திறக்கவில்லை. பண்ணைக்காரர்கள் அங்கே போய் நின்று அழைத்துவந்தார்கள்.

எங்கள் ஊரிலும் அப்படித்தான். அந்தத் தாம்பாளத்தை என் கண்ணால் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். செதுக்கின கட்டையை அதன் பக்கத்தில் வைத்ததே நான்தான். ஆனாலும் அன்று மணலில் நின்றபோது அந்தப் பாதி எனக்கு ஞாபகம் வரவில்லை. என்னைப் புத்திசாலியாகக் காட்டுகிற பாதிதான் வந்தது.

அவள் மெதுவாகத்தான் பேசினாள். "எங்க அண்ணன் வரலைன்னு எனக்குக் கோவம் இல்லை. பட்டாளம்னா அப்படித்தான். யாரு மடியில வைக்கலாம்னு என்னைய ஒரு வார்த்தை கேக்காம, யாரு மடியிலயாவது வையின்னு எழுதுச்சு பாருங்க, அதுதான். நீங்க சொல்லுங்கண்ணே. அந்த யோசனையைச் சொல்றப்ப எங்க அண்ணன் உங்க தலைக்கு மேலதான நின்னுச்சு? அண்ணாந்து ஒரு வார்த்தை கேட்டீகளா?"

கேட்கவில்லை என்று சொன்னேன்.

"அப்ப எட்டு வருசமா எங்க அண்ணன் மேல வச்சிருந்த கோவத்துல பாதி உங்க பங்கு. எடுத்துக்கங்க."

சிரிப்பாள் என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் நான் ஒக்கூர்ப் பக்கம் போனேன். அவன் வயலில் இருந்தான். வரப்பில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், எட்டு வருஷம் தாமதமாக. தங்கை சொன்னதையும், அவன் எழுதின அந்த இரண்டு வரியைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். அவன் மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போய், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தான். தட்டில் வெற்றிலை பாக்கு. சீர் எதுவும் இல்லை. வருகிறாயா என்று என்னைக் கேட்டான். நீ மட்டும் போ என்றேன்.

அவள் வெற்றிலையை எடுத்துக்கொண்டாளாம். அடுத்த பொங்கலுக்கு அவன் கொண்டுபோன சீரையும் வாங்கிக்கொண்டாள். இப்போது அண்ணனும் தங்கையும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், அந்தப் பெண் வாரம் தவறாமல் மாமன் வீட்டில்தான் கிடக்கிறது. அவன் தங்கை என்னிடம் மட்டும் இன்றுவரை சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் போனால் மோர் வரும், பேச்சு வராது. நானும் கேட்பதில்லை. அது என் பங்கு.